பத்தனையிலே பூக்கும் ஊதாப்பூ

தை பிறந்து நான்கு நாட்கள் பனி கொட்டிவிட்டால், நுவரெலியாப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களின் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. முதல் நாள் மாலை வரை நிமிர்ந்து நின்ற டேலியா, மறுநாட் காலையிலே வெந்நீர் ஊற்றியதுபோற் கறுத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. பனிக்குத் தப்பியவை மாசி வெயிலுக்குத் தப்புவதில்லை. பீலியில் நீர் விரற்கடை அளவாக ஒழுகத் தொடங்கும் அந்நாட்களிலே, குடிக்கவும் சமைக்கவும் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "வாசலில் இருக்கும் ரோசாவுக்கும் ஒரு வாளி கொண்டு வா" என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி இது பற்றியே எழுதியிருக்கிறார். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக லயத்துக் காம்பராவிலே வாழ்ந்து, அண்மையிலேதான் ஏழு பேர்ச் நிலத்திற் கட்டிய தனிவீட்டுக்குக் குடிவந்திருக்கிறது. வீட்டின் பின்னே மலையை வெட்டிய செம்மண் கரை; மேல்மண் என்பதே இல்லை. "அம்மாவுக்குப் பூ வைக்க ஆசை. லயத்தில் இருந்தபோது இடமில்லை என்றோம். இப்போது இடமிருக்கிறது, தண்ணீர் இல்லை. காசு கொடுத்து வாங்கிய இரண்டு ரோசாச் செடிகளும் பட்டுப்போயின. தண்ணீரும் எருவும் கேட்காத பூச்செடி ஏதேனும் உண்டா?" என்று அவர் கேட்கிறார்.

உண்டு. அதைத் தேடி நகரத்து நாற்றுக்கடைக்குப் போக வேண்டியதில்லை. தேயிலை மலைக்கு மேலே, காட்டின் ஓரத்திலே, ஒருவரும் நீர் ஊற்றாத புல்வெளியைப் போய்ப் பார்த்தாற் போதும்.

அந்தப் புல்வெளிக்குச் சிங்களத்திலே 'பத்தன' என்று பெயர். ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்துள்ள பத்தனை என்னும் ஊரை மலையகத்து மாணவர் யாவரும் அறிவர். ஆசிரியராகிவரும் நம் பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் அவ்வூர்ப்பெயரிலே ஒலிப்பது இந்தப் புல்வெளியின் பெயர்தான். ஊவாப் பக்கத்தில் வெலிமடை, பண்டாரவளைச் சரிவுகளிலே காண்பது வறண்ட பத்தனை. ஹோட்டன் சமவெளி போன்ற உயர்ந்த இடங்களிலே காண்பது ஈரப் பத்தனை. இவற்றினிடையே தேயிலை மலைகளின் உச்சியிலும், வீதியோரத்துக் கரைகளிலும், கானுகளின் மேட்டிலும் துண்டு துண்டாய் எஞ்சி நிற்கும் புற்றரைகளும் உள.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பி பயிரிட வந்த துரைமார், காட்டை அழித்தார்களேயன்றிப் பத்தனையைப் பெரும்பாலும் தொடவில்லை. அதன்பால் கொண்ட அன்பினால் அன்று. அம்மண் சத்தற்றது, கோப்பிக்கு உதவாது என்ற எண்ணத்தினாலேதான். 1869ஆம் ஆண்டு கோப்பியிலே இலைத்துரு நோய் கண்டு, பின்னர் தேயிலை பரவிய காலத்திலும், நல்ல மண் என்று கருதப்பட்டது காட்டுமண்ணே. இப்படிப் பயனற்ற நிலம் என்று பெயர் வாங்கியதால் பிழைத்துக் கிடந்த பத்தனைகள், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே பைன் மரத்துக்கும் யூக்கலிப்டஸுக்கும் கொடுக்கப்பட்டன. பைன் தோப்பினடியிலே குவிந்து கிடக்கும் ஊசியிலைகளைக் கண்டவர்கள், அங்கே பூவைத் தேடமாட்டார்கள்.

இந்தப் புல்வெளிகளை முதன்முதலிலே விரிவாக ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் பியர்சன் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை, 1899ஆம் ஆண்டு இலண்டன் லின்னேயன் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளியாயிற்று. பிறகு அவர் தென்னாபிரிக்காவுக்குப் போனார். அங்கே 1913ஆம் ஆண்டு, கேப் டவுன் நகரருகே மலையடிவாரத்திலே, கேர்ஸ்டன்பொஷ் என்னும் தாவரத் தோட்டத்தை நிறுவி அதன் முதல் இயக்குநரானார். அந்நாளைய தாவரத் தோட்டங்கள் பிறநாட்டுச் செடிகளைக் கொணர்ந்து வளர்ப்பதையே பெருமையாகக் கொண்டிருந்தன. கேர்ஸ்டன்பொஷ்ஷோ அந்நாட்டுச் செடிகளுக்கென்றே அமைந்தது. அவர் நம்முடைய பத்தனையிலே அலைந்தவர் என்பதை எண்ணும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருக்கிறது. அப்படியொரு தோட்டம் நமக்கு முதலிலே வாய்க்கவில்லை. 1861இல் தொடங்கிய நம் ஹக்கலைத் தோட்டம், பிறந்ததே சிங்கோனா என்னும் அயல்நாட்டு மரத்தை வளர்ப்பதற்காகத்தானே?

இனிப் பூவுக்கு வருவோம்.

சிங்களத்திலே இதனைப் 'பினர' என்பர். பினர என்பது அவர்களுடைய மாதமொன்றின் பெயருமாகும். நம்முடைய ஆவணி, புரட்டாசியை ஒட்டி வருவது. ஏறக்குறைய அக்காலத்திலேதான் இது சிறப்பாகப் பூக்கும். எங்கள் தோட்டத்திலே 'ஊதாப்பூ' என்றே சொல்லி வந்தோம். தாவரவியலார் எக்ஸாக்கம் திரைநேர்வியம் என்பர். மூன்று நரம்புடையது என்பது அப்பெயரின் பொருள். இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியிலிருந்து நுனி நோக்கி ஓடும் மூன்று நரம்புகளும் தெளிவாகத் தெரியும். காம்பில்லாத இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். செடி பெரும்பாலும் முழங்கால் உயரம். நல்ல இடமானால் இடுப்பை எட்டும். பூவுக்கு ஐந்து இதழ்கள். நீலமும் ஊதாவும் கலந்த ஆழ்ந்த நிறம். நடுவிலே பளிச்சென்ற மஞ்சளாகத் தாதுப்பைகள் தடித்து நிற்கும். மூடுபனி விலகும் காலை வேளையிலே புல்லுக்குள்ளிருந்து அந்நிறம் எட்டிப் பார்ப்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் இச்செடி இயற்கையாக வளர்வதில்லை.

நாம் நம்முடையவை என்று நினைத்திருக்கும் பல பூக்கள் வந்தேறியவை. வீதியோரமெங்கும் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் காட்டுச் சூரியகாந்தி, மெக்சிக்கோ நாட்டிலிருந்து 1851ஆம் ஆண்டு அலங்காரச் செடியாக வந்தது. உண்ணிச்செடி 1826ஆம் ஆண்டு பேராதனைத் தோட்டத்தின் வழியாகப் புகுந்தது. ஹோட்டன் சமவெளியிலே மஞ்சட் பூவும் முள்ளுமாகப் படர்ந்து அதிகாரிகளைத் திண்டாட வைக்கும் கோர்ஸ் புதர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தேயிலையும் வந்ததுதான், அதைக் கிள்ள வந்த நாமும் வந்தவர்கள்தாம். ஆதலால் வந்தவை எல்லாம் தீயவை என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் வந்தவற்றை மட்டுமே வாசலில் வைத்து, இருந்ததைச் சுரண்டியால் வழித்தெறிவது நியாயமா?

என் இளமையிலே இப்பூவைக் கொண்டு நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு மேல்மலை வழியாக வரும்போது, கானு மேட்டிலே பூத்திருந்த செடியொன்றைக் கையாலே தோண்டி, வேரோடு கொண்டுவந்தேன். பால்மா டின்னில் நட்டு, மாட்டுச் சாணத்தை நிறையப் போட்டு, காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். கொழுந்துக் கூடையை இஸ்தோப்பிலே இறக்கி வைத்த அம்மாயி அதைப் பார்த்தாள்.

"என்னய்யா, புல்லைக் கொண்டாந்து டின்னுல வச்சிருக்க?"

"புல் இல்ல அம்மாயி, பூச்செடி."

"அங்க அதுக்கு யாரு எரு போட்டா? யாரு தண்ணி ஊத்துனா? பச்சப்புள்ளைக்கு விருந்துச் சோத்த ஊட்டுன கணக்கா இருக்கு."

எட்டாம் நாள் செடி அழுகிப் போயிற்று. அடுத்த வாரம் இன்னொன்றைத் தோண்டினேன். அதுவும் போயிற்று. மூன்றாவது செடியைத் தோண்டப் போனபோது அம்மாயி கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மேட்டுல இன்னும் நாலுதான் இருக்கு. அதுகளாவது இருக்கட்டும், விடு" என்றாள். அன்று அது எனக்கு வெறும் கண்டிப்பாகவே பட்டது. ஆண்டுகள் பல கடந்து, மீண்டும் இச்செடியை வளர்க்க முனைந்தபோதுதான், அவள் சொன்ன இரண்டு பேச்சுக்குள்ளே முழுப் பாடமும் இருந்ததை உணர்ந்தேன்.

பத்தனையின் மண் புளித்த மண், சத்துக் குறைந்தது, சரிவிலே இருப்பதால் நீர் தேங்காதது. இத்தகைய மண்ணுக்கே பழகிய செடிக்கு எருவும் உரமும் நன்மையல்ல. தேயிலைக்கு இடும் உரத்தை ஒரு கைப்பிடி வைத்தால், பினர பூப்பதற்குப் பதிலாக அயலிலுள்ள களைகள் கொழுத்து அதனை மூடிவிடும். மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட்டை இதன் பக்கமே கொண்டுபோகலாகாது. நாம் பதறிப் பதறி ஊற்றும் நீரோ வேரை அழுக வைக்கும். செம்மண் வெட்டுக் கரையிலே ஒன்றும் வளராது என்று வருந்தும் சகோதரி, அக்கரை ரோசாவுக்குத்தான் பகை என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நீர் வேண்டாத செடி என்றதும் இதனைக் கள்ளிபோல எண்ணிவிடவும் வேண்டாம். முதல் ஆண்டு இதற்கு நம் துணை தேவை. வேர் ஆழ ஓடும் வரை, மழையில்லாத வாரங்களில் ஒருமுறை, ஒரு சிறு செம்பு நீர் விடலாம். பாத்திரம் கழுவிய கடைசி நீர் சவர்க்காரமில்லாததாயின் அதுவே போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து மூடுபனியும் மண்ணின் உள்ளீரமும் அதனைப் பார்த்துக்கொள்ளும். என் வீட்டுச் செடிகள் ஒரு மாசி மாதம் முழுவதும் இலை சற்றுத் தொங்கி நின்று, பங்குனி மழை இரண்டு பெய்ததும் பழையபடி நிமிர்ந்தன. அவ்வாண்டு நான் ஊற்றிய நீர் என்று ஒன்றுமில்லை.

செடியைத் தோண்டாமல் எப்படிப் பெறுவது? விதையினால்தான். பூ உதிர்ந்தபின் மிளகளவான உருண்டைக் காய்கள் நிற்கும். அவை பழுத்துப் பழுப்பு நிறமானதும் வெடிக்கும். வெடிக்குமுன் ஒரு செடிக்கு இரண்டு மூன்று காய்கள் மட்டும் பறித்து, காகிதப் பையிலிட்டு நிழலிலே உலர்த்த வேண்டும். மற்றக் காய்கள் அம்மேட்டுக்கே உரியவை. விதை எத்தனை நுண்ணியது என்றால், நம் ஸ்டோரிலே சலிக்கும் 'டஸ்ட்' தேயிலை இதன் முன்னே பருமனாகத் தோன்றும். இதனாலேயே பலர் தோல்வியுறுகின்றனர். கத்தரி விதைபோல மண்ணுக்குள்ளே புதைத்துவிட்டு முளைக்கவில்லை என்கின்றனர். இவ்விதை முளைக்க ஒளி வேண்டும்.

ஆழமில்லாத தட்டொன்றின் அடியிலே துளைகளிட்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். செடி வளர்ந்த மேட்டிலிருந்து ஒரே ஒரு பிடி மண் எடுத்து மேலே தூவிக் கலந்துவிடுங்கள். பல காட்டுச் செடிகளின் வேர்களோடு கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணங்கள் உறவு கொண்டு வாழ்கின்றன. அவை அந்த ஒரு பிடியிலே வந்து சேரும். விதையை உலர்ந்த மணலோடு கலந்து மேற்பரப்பிலே தூவுங்கள், மூட வேண்டாம். மேலிருந்து நீர் தெளித்தால் விதை முழுவதும் ஓர் ஓரத்திலே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே தட்டை நீருள்ள தாம்பாளத்திலே வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். கண்ணாடித் துண்டோ தெளிந்த பொலித்தீனோ மேலே போட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்திலே வையுங்கள். மூன்று நான்கு வாரங்களிலே பச்சைப் பொடி தூவியதுபோல் முளைகள் தெரியும். அதன்பின் பொறுமை வேண்டும். நான்கு இலை வருவதற்குள் கோழியும் நத்தையும் பாதியைத் தின்றுவிடும் என்று கணக்கிட்டே நிறையத் தூவ வேண்டும்.

விதையிலே வெற்றி பெற்று நாலு செடியை உடையவராகிவிட்டால், பிறகு தண்டு நுனிகளாலும் பெருக்கலாம். பூ மொட்டு வராத இளநுனியை விரல் நீளம் வெட்டி, மணலிலே ஊன்றி, ஈரமாக நிழலில் வைத்தால் வேர்விடும். தேயிலை நாற்று மேடையிலே வேலை செய்த தாய்மாருக்கு இக்கலையை நான் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் எனக்குக் கற்பிப்பார்கள்.

நாற்றை நடுவதற்குக் காலம் வைகாசி மழை சற்று ஓய்ந்த இடைவேளை. ஹட்டன் பக்கத்திலே தென்மேல் மழை நாட்கணக்கிற் கொட்டும். ஆதலால் மட்டமான நிலத்திலே நடாமல், காலை வெயில் விழும் சரிவிலே நடுங்கள். பெரிய குழி வேண்டாம். புற்களுக்கிடையே ஒரு சாண் இடம் விலக்கி வைத்தாற் போதும். பக்கத்திலே ஒரு மானாப் புல் குற்றி இருப்பது நன்று. தேயிலையைப் பிடுங்கிய மலையிலே, மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக மானாவும் குவாத்தமாலாப் புல்லும் வளர்ப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அந்த மானாதான் வறண்ட பத்தனையின் தலையாய புல். அதன் நிழலிலே பினரவின் அடிமண் காய்ந்து வெடிக்காது. ஆனால் அது மிஞ்சி வளர்ந்தால் கத்தியால் அறுத்துவிட வேண்டும், தீ வைக்கலாகாது. கோடையிலே பத்தனைக்குத் தீ வைக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் உண்டு. எரிந்த இடத்திலே மானா மறுபடியும் தளிர்க்கும். இளம் பூச்செடிகள் மீள்வது அரிது. களைக்கொல்லி தெளிக்கும் நாளிலும் அக்கரையைத் தவிர்க்குமாறு சொல்லி வைப்பது நல்லது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னே வெட்டிய கரை சரிந்து விழும் அபாயமுள்ளதாயின், இப்பூச்செடி அதனைத் தாங்கி நிறுத்தும் என்று எவரும் நம்ப வேண்டாம். மழை நீர் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போவதைப் புல்லும் செடியும் குறைக்கும்; அவ்வளவே. மலை நகருமானால் அதற்குப் பொறியியலாளரையே அழைக்க வேண்டும்.

காட்டுப் பூவை வீட்டிலே வளர்ப்பதா என்று நகைப்போருக்கு ஒரு செய்தி. புவியியற் பாடத்திலே பிரேரி என்னும் வட அமெரிக்கப் புல்வெளியைப் படித்திருப்பீர்கள். அதனை உழுது சோளமும் கோதுமையும் விதைத்ததில், பழைய புல்வெளி பெரும்பாலும் மறைந்தது. 1930களிலே வறட்சி வந்தபோது, வேர்ப்பிடிப்பற்ற மண் புழுதியாகப் பறந்து சூரியனை மறைத்தது. அதே பத்தாண்டிலே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார், மடிசன் நகரிலே, சாரமிழந்த பழைய பண்ணை நிலமொன்றிலே பிரேரிச் செடிகளை மறுபடி விதைக்கத் தொடங்கினர். கேட்டிஸ் பிரேரி என்ற பெயரோடு அது இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில், முன்னாள் ஜனாதிபதி ஜோன்சனின் மனைவியார் 1982ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்திலே காட்டுப் பூக்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். இன்று அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களிலே, நீர் குறைவாகக் கேட்கும் பிரேரிப் பூக்களை விலை கொடுத்து வாங்கி வளர்க்கின்றனர். அவர்கள் சொல்லும் முறையும் என் அம்மாயி சொன்னதுதான்: எரு இடாதே, காட்டிலிருந்து தோண்டாதே.

நம் பினரவின் உறவினர்கள் உலகம் சுற்றியும் வந்துவிட்டனர். அரபிக்கடலிலுள்ள சொக்கோத்திராத் தீவுக்கு 1880ஆம் ஆண்டு சென்ற பேராசிரியர் பால்ஃபரின் ஆராய்ச்சியால் வெளியுலகம் அறிந்த சிறுபூ எக்ஸாக்கம் ஒன்று, பாரசீக ஊதா என்னும் பெயரிலே மேல்நாட்டுச் சாளரங்களை அலங்கரிக்கிறது. அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இலங்கை எக்ஸாக்கம் இனங்களையே கலந்து, சட்டியிலே வளர்க்கத்தக்க புதிய வகைகளை ஆக்கியிருக்கின்றனர். என்றேனும் ஒருநாள் அவற்றை நாம் கொழும்புக் கடையிலே விலை பேசி நிற்கக்கூடும்.

விதை சேர்க்கப் புறப்படும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1988ஆம் ஆண்டு முதல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாகும். அங்கே ஓர் இலையைக் கிள்ளுவதும் சட்டப்படி குற்றம். சுற்றுலா போனால் பார்த்துவிட்டு வாருங்கள். தோட்டத்து வீதிக் கரைகளிலே, நிர்வாகத்தாரிடம் சொல்லிவிட்டு எடுப்பதே முறை.

பூத்தபின் இன்னொரு காட்சியும் உங்களுக்குக் காத்திருக்கிறது. இப்பூவிலே தேன் இல்லை. தாதுவும் திறந்து கிடப்பதில்லை. தாதுப்பையின் நுனியிலே ஊசித் துளை மட்டும் உண்டு. தேனீ வந்தால் ஏமாந்துதான் போகும். கரிய தச்சு வண்டுபோன்று உடலை அதிரவைக்கத் தெரிந்த வண்டினம் வந்து, பூவைக் கட்டிப் பிடித்து ரீங்காரமிட்டால்தான், மிளகுப் பொடிக் குப்பியைக் குலுக்கியதுபோலத் தாது உதிரும். பறக்கும்போதுள்ள ஒலி ஒன்று. பூவிலே அமர்ந்ததும் எழும் ஒலி வேறொன்று. சிறு பிள்ளைகளை அருகே நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் தம்பியிடம் சொல்லி, மேல்மலைக் கரையிலே இப்போதே செடியைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பூவில்லாத காலத்திலே புல்லிடையே கண்டுபிடிப்பது கடினம். காய் பறிக்குமுன் ஒன்றை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். உள்ளே தூள் கரும்பழுப்பாக இருந்தாற் பறிக்கலாம். வெளிறியிருந்தால் இன்னும் ஒரு வாரம் விட்டுவையுங்கள்.